காய்ந்த சட்டைக்கு எலுமிச்சம்பழம்

பந்து உதைப்பதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். இன்றைக்கு இதைச் சொல்லப் பெருமையாக இருக்கிறது. அன்றைக்கு என் தகப்பனார் இதை வெளியே சொல்லவே மாட்டார். பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தவர் அவர். யாராவது, "மவன் என்ன செய்யுதான்?" என்று கேட்டால், "திருநவேலியில பஞ்சுக் கிட்டங்கியில இருக்கான்" என்று சொல்லிவிட்டு, உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். அவர் சொன்னது பொய்யும் அல்ல. பஞ்சுப் பொதி அடுக்குகிற அந்தக் கிட்டங்கியில்தான் எனக்குச் சம்பளம். ஆனால் அங்கே நான் ஒரு பொதியைத் தூக்கியதில்லை, ஒரு தராசைத் தொட்டதில்லை. வெயில் தாழ்ந்ததும் மைதானத்துக்குப் போய் ஓடுவதுதான் என் உத்தியோகம்.

இதில் யார் பெயரையும் சொல்லப்போவதில்லை. என்னோடு ஆடியவர்களில் அநேகருக்கு இப்போது பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். எல்லாருக்கும் மூக்குக்கு மேல் கோபம், அது அவர்களுக்குப் பரம்பரைச் சொத்து. ஆகையால் அவரவர் மைதானத்தில் நின்ற இடத்தைச் சொல்லியே கதையை நடத்திவிடுகிறேன். நான் இடது பேக். அதாவது கோலுக்கு முன்னால் நின்றுகொண்டு, பந்தோடு வருகிறவனை மறிக்கிறவன்.

எங்களுக்குச் சம்பளம் கொடுத்தவரை ஊரே அண்ணாச்சி என்று சொன்னது. பஞ்சு வியாபாரம். சீவலப்பேரிப் பக்கம் ஆற்றுப் பாசனத்தில் நெல் வயலும் உண்டு. அவருக்கும் கால்பந்துக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஆனால் தூத்துக்குடியில் அவரிடம் பஞ்சு வாங்குகிற துரைக்குப் பந்தாட்டம் என்றால் உயிர். ஒருநாள் துரை சரக்கைப் பார்த்து முடித்துவிட்டு, உங்கள் ஊரில் நல்ல டீம் இருக்கிறதா என்று கேட்டாராம். இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவர் அண்ணாச்சி. இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஊருக்குத் திரும்பி வந்து டீமைத் தேட ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தை முடித்தும் முடிக்காமலும் மைதானத்தையே சுற்றிக்கொண்டிருந்த எங்களைப் பிடித்து, ஆளுக்கொரு நீலச் சட்டை தைத்துக் கொடுத்து, மாதச் சம்பளத்தில் போட்டார்.

சம்பளம் கொடுத்தால் வேலை வாங்க வேண்டும் அல்லவா? அங்கேதான் எங்களுக்குச் சனி பிடித்தது. வயலில் நடவு நடக்கும்போது அண்ணாச்சி வரப்பில் நின்றபடியே எவன் உழைக்கிறான், எவன் ஏய்க்கிறான் என்று சொல்லிவிடுவார். ஆனால் இந்த ஆட்டத்தில் எது வேலை, எது வேலையில்லை என்பது அவருக்குப் பிடிபடவில்லை. சில ஆட்டங்களைப் பார்த்து யோசித்துவிட்டு, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்.

"எவன் சட்டை நனைஞ்சிருக்கோ அவன் வேலை செஞ்சிருக்கான். அம்புட்டுதாம்லே கணக்கு" என்றார்.

அன்றிலிருந்து ஆட்டம் முடிந்ததும் நாங்கள் கிட்டங்கி முற்றத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கணக்குப்பிள்ளை வந்து, ஒவ்வொருவன் முதுகிலும் சட்டையை இரண்டு விரலால் கசக்கிப் பார்ப்பார். ரொம்பவும் நனைந்தவனுக்கு அண்ணாச்சி தன் கையாலேயே ஜரிகை உருமால் ஒன்றைத் தலையில் கட்டுவார். அதற்கடுத்தவர்களுக்கு வெற்றிலை, பாக்கு, பழம். நனைந்தும் நனையாதவனுக்கு வெறும் வெற்றிலை. காய்ந்த சட்டைக்கு ஓர் எலுமிச்சம்பழம். கோயில் மரியாதையைப் போல இந்த வரிசை ஒருநாளும் தவறியதில்லை. வேடிக்கை பார்க்கத் தெருவே கிட்டங்கி வாசலில் கூடி நிற்கும். துரையின் ஊரில் எப்படியோ எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் கால்பந்து இப்படித்தான் நடந்தது.

இந்தச் சட்டத்தால் டீம் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். பந்து எங்கே இருக்கிறதோ அங்கே எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் இருப்பார்கள். அதிலும் எங்கள் சென்டர் ஃபார்வர்டு இருக்கிறானே, அவன் ஒரு தனிப்பிறவி. மேலப்பாளையத்து முஸ்லிம் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. அவனை நாங்கள் சென்டர் என்றே கூப்பிடுவோம். காலில் பந்து பட்டுவிட்டால் அவனுக்கு உலகத்தில் வேறு யாரும் கண்ணில் படமாட்டார்கள். "எனக்குக் கொஞ்சம் குடேம்லே" என்று பக்கத்தில் ஓடுகிறவன் கெஞ்சினால், "ஒனக்குக் குடுத்துட்டா நான் எதை வச்சுலே ஓட?" என்று கேட்பான். அண்ணாச்சி சட்டப்படி அது நியாயமான கேள்விதான். உருமால் பெரும்பாலும் அவன் தலையில்தான் ஏறும். அதைக் கட்டிக்கொண்டு மேலப்பாளையம் போய்ச் சேருகிற வரைக்கும் அவிழ்க்க மாட்டான்.

வலது ஓரத்தில் ஆடுகிறவனுக்கு இது பொறுக்கவில்லை. ஒருநாள் கிட்டங்கிக்கு வருகிற வழியில் ஆற்றில் இறங்கிச் சட்டையை நனைத்துக்கொண்டு வந்தான். கணக்குப்பிள்ளை கசக்கிப் பார்த்தார். சந்தேகம் வந்து, விரலை நாக்கில் வைத்தார். "ஆத்துத் தண்ணி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். அடுத்த ஆட்டத்துக்கு அவன் ஒரு செம்பில் உப்பைக் கரைத்து எடுத்து வந்து ஊற்றிக்கொண்டான். கணக்குப்பிள்ளை மறுபடியும் நாக்கில் வைத்துப் பார்த்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்தார். "உப்பு ஒரு கை கூடிட்டுவே" என்றார். அன்றைக்கு அவனுக்கு எலுமிச்சம்பழம்கூடக் கிடைக்கவில்லை.

எங்களில் மனத்தாங்கல் இல்லாதவன் ஒருவனும் கிடையாது. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் பேச்செல்லாம் எனக்கு இது வரவில்லை, அவனுக்கு அது போய்விட்டது என்பதுதான். நானே பாக்கில்லாத வெற்றிலையை மென்று மென்று நாக்கு வெந்து போயிருந்தேன். பேக் நிற்பவன் பாதி நேரம் நிற்கவும் வேண்டுமே. ஆனால் எங்கள் எல்லாருடைய மனத்தாங்கலையும் ஒரு தட்டில் வைத்தாலும், கோல்கீப்பரின் மனத்தாங்கலுக்கு ஈடாகாது.

அவன் எங்கள் தெருக்காரன், எனக்கும் அவனுக்கும் சபையும் ஒன்று. நெட்டையான ஆள். கை நீட்டினால் குறுக்குக் கம்பத்தைத் தொடுவான். டீம் நன்றாக ஆடுகிற நாளில் பந்து அவன் பக்கமே வராது, சட்டை காய்ந்து கிடக்கும், எலுமிச்சம்பழம் கிடைக்கும். டீம் படுமோசமாக ஆடினால்தான் அவனுக்கு வெற்றிலை. "நீங்க நல்லா ஆடணும்னு நான் எப்பிடிவே ஜெபம் பண்ண?" என்று என்னிடம் கேட்பான். அவன் அம்மா அந்தப் பழங்களையெல்லாம் சேர்த்து ஊறுகாய் போட்டுவிடுவார்கள். எங்கள் தெருவில் அவர்கள் வீட்டு ஊறுகாய் போகாத வீடு கிடையாது. பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் எல்லாம், "ஒம்ம மவன் நல்லா ஆடுதான் போலுக்கு" என்று நல்லெண்ணத்தோடு சொல்லி வைப்பார்கள். அது வேறு அவன் நெஞ்சில் குத்தும்.

அவனுக்காக நான் அண்ணாச்சியிடம் ஒருமுறை பேசிப் பார்த்தேன். அவர் பொறுமையாகவே கேட்டார்.

"சரிலே, அவனுக்கு என்ன வேலை?"

"பந்து உள்ள போவாம பாத்துக்கிடணும் அண்ணாச்சி."

"நேத்து அவன்ட்ட பந்து வந்துச்சா?"

"வரல அண்ணாச்சி. நாங்க விடல."

"அப்போ நீங்கள்லா பாத்துக்கிட்டிய. அவனுக்கு எதுக்கு உருமால்?"

எலுமிச்சம்பழம் கொடுப்பதே பெரிய தயவு என்பது போல் எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இந்த நிலையில்தான் கோல்கீப்பருக்குக் கல்யாணம் கூடி வந்தது. பெண், சீவலப்பேரி தாண்டி ஒரு கிராமத்து உபதேசியாரின் மகள். பாதிரியார் வராத நாட்களில் சபையை நடத்துகிறவர் உபதேசியார். அந்தக் கிராமத்துச் சபைக் கோயிலில் நடந்த அசன விருந்தில், பந்தி நடுவில் குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு போன பெண்ணைக் கோல்கீப்பர் பார்த்திருக்கிறான். இலையில் குழம்பு ஊற்றியதுகூடத் தெரியாமல் பார்த்திருக்கிறான். அன்றிலிருந்து எங்களுக்கு அந்த வாளியின் கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அவள் இல்லையென்றால் எவளும் வேண்டாம் என்று வீட்டிலும் சொல்லிவிட்டான்.

சம்பந்தம் பேசுவதற்கு முன் உபதேசியார் ஒருநாள் மைதானத்துக்கு வந்து, குடையை ஊன்றிக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்று ஆட்டம் பார்த்தார். அன்று எங்களுக்கு எதிரில் ஆடியவர்கள் பள்ளிக்கூடத்துப் பையன்கள். பந்து எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கோல்கீப்பர் கம்பத்தில் சாய்ந்துகொண்டு கொட்டாவி விட்டான். சம்பந்தம் போயே போய்விட்டது என்று நினைத்தோம். ஆனால் அடுத்த வாரமே சம்மதம் என்று உபதேசியார் ஆள் அனுப்பினார். நல்ல மனுஷர், அன்று பார்த்ததை மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை என்று எல்லாரும் சந்தோஷப்பட்டோம்.

எங்கள் சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று பாதிரியார் கேட்பார். மூன்று ஓலையும் வாசித்து முடிந்தால்தான் கல்யாணம். பெண் வீட்டுக் கோயிலில் இரண்டாவது ஓலை வாசித்தாகிவிட்டது. அந்த வாரம் பூராவும் பாளையங்கோட்டையில் மிஷன் கூட்டம். அதற்கு வந்த உபதேசியார், புதன்கிழமை தூத்துக்குடிக்காரர்களோடு நடக்கிற ஆட்டத்தைப் பார்க்க வருவதாகவும், பிறகு கிட்டங்கிக்கும் வந்து மாப்பிள்ளை மரியாதை வாங்குவதைப் பார்க்கப்போவதாகவும் சொல்லியனுப்பினார்.

கோல்கீப்பர் நேரே என் வீட்டுக்கு வந்தான்.

"பிறத்தியார் முன்னால என் கையில எலுமிச்சம்பழத்தைக் குடுத்தா அவுக என்னவே நெனைப்பாக? இவன் வேலைக்காவாதவம்னு மூணாவது ஓலையை நிப்பாட்டிர மாட்டாகளா? ஒரு நாளைக்கு, ஒரே ஒரு நாளைக்குப் பந்தை எங்கிட்ட விடுங்கவே."

நானும் வலது பேக்கும் பேசி, சரி என்றோம். வேண்டுமென்றே பந்தை விடுவது என்பது பேக் நிற்பவனுக்கு எவ்வளவு கஷ்டமான காரியம் என்பது ஆடியவனுக்குத்தான் தெரியும். கால் தானாகப் போய் நிற்கும். புதன்கிழமை நான் என் காலோடு சண்டை போட்டுக்கொண்டே நின்றேன். முந்தின நாள் மழை பெய்து, கோலுக்கு முன்னால் சேறு குழம்பிக் கிடந்தது. தூத்துக்குடிக்காரர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள், மறுபடியும் தாண்டிப் போனார்கள். நாங்கள் ஒதுங்கி வழிவிட்டதைப் பார்த்து அவர்களுக்கே வெட்கமாக இருந்திருக்கும். கோல்கீப்பர் அன்று ஆடியதை நான் எந்தக் காலத்திலும் மறக்கமாட்டேன். பாய்ந்தான், உருண்டான், பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சேற்றில் சறுக்கினான். எத்தனையோ பந்துகளைப் பிடித்தான். இரண்டு மட்டும் உள்ளே போய்விட்டன. தோற்றோம்.

தோற்றதில் அண்ணாச்சிக்குக் கோபம். சனிக்கிழமையே மறு ஆட்டம் ஆட வேண்டும் என்று தூத்துக்குடிக்காரர்களை நிறுத்தி வைத்துவிட்டார். ஆனாலும் சட்டம் சட்டம்தான். கணக்குப்பிள்ளை கோல்கீப்பரின் சட்டையைக் கசக்கினார். தண்ணீராகச் சொட்டியது. நாக்கில் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். அண்ணாச்சி ஜரிகை உருமாலை எடுத்துக் கோல்கீப்பரின் தலையில் கட்டினார். அத்தனை நாளில் அதுதான் முதல் தடவை. நாங்கள் கை தட்டிய தட்டில் கிட்டங்கிப் புறாக்கள் பறந்தன. சென்டர்கூடத் தட்டினான்.

உபதேசியார் மட்டும் தட்டவில்லை. வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டவர் போல முகம் வாடி நின்றார். என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"இங்கன வாரும்வே. மாப்பிள்ளை என்ன தப்பு செஞ்சாரு?"

"தப்பா? ஒண்ணும் செய்யலையே!"

"மறைக்காதேயும். முந்தி நான் வந்தப்போ நல்ல உத்தியோகத்துல இருந்தாரு. பத்துப் பேரு வேர்க்க விறுவிறுக்க ஓடுதான், இவரு கம்பத்துல சாஞ்சு மேற்பார்வை பாத்துக்கிட்டு நிக்காரு. ஒருத்தன் பக்கத்துல போவல. சட்டையில ஒரு பொட்டு அழுக்கு கிடையாது. பின்னாடியே இந்தக் கிட்டங்கி வாசல்ல வந்து நின்னும் பாத்தேன். மத்தவனுக்கெல்லாம் வெத்தலை பாக்கு, இவருக்கு மட்டும் எலுமிச்சம்பழம். எங்க ஊருக்குக் கலெக்டர் வந்தா எலுமிச்சம்பழம்தாம்வே குடுப்போம்! அதைப் பாத்துட்டுத்தான் எம்மவளைக் குடுக்கச் சம்மதிச்சேன். இன்னிக்குப் பாத்தா மனுசன் சேத்துல உருளுதாரு."

நல்ல புத்தி இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். விளக்கிச் சொல்லப் புகுந்தேன். "அவரு வேலையே அதுதான். அவரு கோலைக் காக்குதவரு" என்றேன்.

"காவலா?"

"ஒரு விதத்துல காவல்தான்."

உபதேசியார் கிட்டங்கி வாசலைத் திரும்பிப் பார்த்தார். அங்கே காவற்காரக் கிழவர் தடியோடு உட்கார்ந்திருந்தார். அவர் தலையிலும் ஓர் உருமால் இருந்தது. உபதேசியார் அதைப் பார்த்தார், பிறகு மாப்பிள்ளை தலையில் இருந்ததைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"சனிக்கிழமையும் பாக்கேன். அன்னிக்கும் இதே கெதின்னா, மூணாவது ஓலையை வாசிக்க வேண்டாம்னு பாதிரியார்ட்ட சொல்லிருவேன். கோவிச்சுக்கிடாதேயும். பொம்பளப்புள்ள காரியம்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு நடந்தார்.

இந்தச் சங்கதியைக் கோல்கீப்பரிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. மரியாதை வாங்கி முடிந்து எல்லாரும் ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தோம். அவன் படியில் உட்கார்ந்து உருமாலை மடித்துக்கொண்டிருந்தான். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் மடித்துக்கொண்டே இருந்தான். அப்புறம் அதை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். அவ்வளவு நெட்டையான ஆள் அழுது நாங்கள் யாரும் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீரில் நின்றோம்.

சென்டர்தான் முதலில் கரையேறினான்.

"ஏலே, அழாத. சனிக்கிழமை ஒஞ்சட்டையில ஒரு சொட்டு வேர்வை வராது. வந்தா என்னையக் கேளு."

"எப்பிடிலே?" என்றான் வலது பேக்.

"பந்து இவன் பக்கமே போவப்பிடாது. போனா நான் பின்னால ஓடியாந்து எடுத்துருதேன். எடுத்து, எவன் சும்மா நிக்கானோ அவன்ட்ட குடுத்துருதேன்."

"குடுப்பியா?" என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கேட்டோம். ஆற்றில் யாரோ முங்கிவிட்டது போல அவ்வளவு பதற்றமாகக் கேட்டோம்.

"குடுப்பேம்லே" என்று எரிந்து விழுந்தான். சொன்னது அவனுக்கே பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

சனிக்கிழமை உபதேசியார் அதே வேப்பமரத்தடியில் வந்து நின்றார். கோல்கீப்பருக்கு நாங்கள் சொல்லியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: கையைக் கட்டிக்கொண்டு நில், அசையாதே. பாவம், அவன் பட்ட பாடு அன்று எங்களைவிடப் பெரிது. தூரத்தில் பந்து எழும்பினாலே அவன் கை தானாக அவிழும், நான் திரும்பி முறைப்பேன், மறுபடியும் கட்டிக்கொள்வான்.

சென்டர் வாக்கைக் காப்பாற்றினான். முதல் பந்தை வலது ஓரத்துக்காரனுக்குத் தள்ளினான். உப்புத் தண்ணீர்க்காரன் அதை எதிர்பார்க்கவே இல்லை, திகைத்துப்போய்ப் பந்தை வெளியே விட்டுவிட்டான். இரண்டாம் தடவை கொடுத்தான், அவன் வாங்கிக்கொண்டு ஓடினான், திருப்பிக் கொடுத்தான், அது வலது பேக் கால் வரைக்கும் வந்து, என்னிடம் வந்து, மறுபடியும் முன்னால் போனது. பந்து அப்படிப் போய் வரும் என்பதே எங்களுக்குப் புதிதாக இருந்தது. வயிறு முழுக்கச் சாப்பிட்ட மாதிரி ஒரு நிறைவு. தூத்துக்குடிக்காரன் ஒருவன் ஒரே ஒரு தடவை எங்களைத் தாண்டிக் கோலைப் பார்த்து ஓங்கி உதைத்தான். நான் குறுக்கே விழுந்து முகத்தில் வாங்கிக்கொண்டேன். மூக்கில் ரத்தம் வந்தது. எழுந்து பார்த்தபோது கோல்கீப்பர் கையைக் கட்டிக்கொண்டே நின்றான், ஆனால் கண் மட்டும் கலங்கியிருந்தது. மூன்று கோல் போட்டு ஜெயித்தோம். மூன்றையும் மூன்று பேர் போட்டார்கள்.

கிட்டங்கி முற்றத்தில் கணக்குப்பிள்ளைக்குத்தான் சங்கடம். கசக்கக் கசக்க எல்லாச் சட்டையும் ஒரே போலச் சொட்டியது. திரும்பவும் முதலிலிருந்து வந்தார், நாக்கில் வைத்து வைத்து அவருக்குத் தாகம் எடுத்துவிட்டது. "யாருக்குன்னு சொல்லத் தெரியல அண்ணாச்சி" என்று கையை விரித்தார். உருமாலைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாச்சி விழித்தார். பிறகு கோல்கீப்பரைக் கண்டதும் அவர் முகம் தெளிந்தது. அது ஒன்றாவது சந்தேகமில்லாமல் இருந்ததே. எலுமிச்சம்பழத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

உபதேசியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"பழைய உத்தியோகமே திரும்பக் கெடச்சிட்டு போலுக்கே மாப்பிள்ளை! பத்துப் பேரையும் நல்லா வேலை வாங்குதீரு!"

எல்லாம் முடிந்தது, கல்யாணம் நடந்துவிட்டது என்று நான் மூச்சு விட்டேன். கோல்கீப்பர் சும்மா சிரித்துவிட்டிருந்தால் போதும். அவன் எங்களைப் பார்த்தான். என் வீங்கிய மூக்கைப் பார்த்தான். வேண்டாம் வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். சென்டர் பக்கத்தில் நின்று அவன் காலை மிதித்தான்.

"இது உத்தியோகமில்ல மாமா" என்றான். "நான் யாரையும் வேலை வாங்கல. பந்து வந்தா பிடிக்கணும், அதுதான் என் வேலை. புதன்கெழமை பாத்தியளே, அதுதான் நான். இன்னிக்கு இவனுவ பந்தை எங்கிட்ட விடல. ஒங்க மவளை நான் கட்டணும்னு விடல."

உபதேசியார் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்து, சென்டர் முன்னால் நின்றார்.

"மெய்யாவாவே?"

சென்டர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அவன் அழுதான். பாக்கச் சகிக்கல."

உபதேசியார் குடையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி, வில்வண்டியில் ஏறி ஊருக்குப் போய்விட்டார். எங்களுக்கு அவன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பத்துப் பேர் உயிரைக் கொடுத்து ஓடியதை ஒரே வாயில் கொட்டிக் கவிழ்த்துவிட்டானே! "ஒனக்குப் பொண்ணு எதுக்குலே? நீ எலுமிச்சம்பழத்தையே கட்டிக்கிட்டு அழு" என்று வலது பேக் கத்தினான். ஆனால் ஒருவனும் வீட்டுக்குப் போகவில்லை. மறுநாள் விடியுமுன்னே அண்ணாச்சியின் பஞ்சு வண்டிகளில் இரண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பதினோரு பேரும் அந்தக் கிராமத்துக்குப் புறப்பட்டோம்.

பெண் வீட்டுக் கோயிலில் ஓலை வாசிக்கும்போது மாப்பிள்ளை போய் நிற்கிற வழக்கம் கிடையாது. ஆகையால் கோல்கீப்பரை வண்டிக்குள் சாக்கைப் போட்டு மூடிப் புளியமரத்தடியில் விட்டோம். எங்களில் சபையைச் சேர்ந்தவர்கள் உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தோம். சென்டரும் மற்றவர்களும் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். வண்டிக்குத் தகவல் சொல்வது சென்டரின் பொறுப்பு.

முன் வரிசையில் உபதேசியாரின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. பாட்டு முடிந்தது, பாதிரியார் ஓலைகளை எடுத்தார். வேறொரு ஜோடியின் ஓலையை வாசித்தார். நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்தார். எனக்கு உடைந்த மூக்கு விண்விண் என்று தெறித்தது. பிறகு எங்கள் கோல்கீப்பரின் பெயரையும் அந்தப் பெண்ணின் பெயரையும் சேர்த்து வாசித்து, இது மூன்றாவது ஓலை என்று சொல்லி, இந்தக் கல்யாணத்துக்கு ஆட்சேபம் உள்ளவர்கள் இப்போதே சொல்லலாம் என்று நிமிர்ந்து பார்த்தார்.

அந்த இடத்தில் எல்லாரும் பேசாமல் இருக்க வேண்டும். எங்களுக்குத் தெரியும். சென்டருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? பாதிரியார் இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறார், ஒருவனும் வாயைத் திறக்கவில்லையே என்று அவனுக்குப் பொறுக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கத்தினான்.

"ஒண்ணும் கிடையாது சாமி! நல்ல பய!"

கோயிலே திரும்பிப் பார்த்தது. பாதிரியார் வாயைத் திறந்தபடி நின்றார். முன் வரிசையில் உபதேசியாரின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்துபோனேன். அவர் மெதுவாகத் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆமாய்யா, ஒண்ணும் கிடையாது" என்று அவரும் சொன்னார், ஆராதனை நடக்கிறது என்றும் பாராமல்.

சென்டர் ஜன்னலை விட்டுவிட்டு வண்டியைப் பார்த்து ஓடினான். எந்த மைதானத்திலும் அவன் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை.